கழுவிக் கொடுத்த பஞ்சு

05.02.2007, திங்கள்

புதுக் கொப்பி. மீன்தொட்டி விஷயத்தை ஒழுங்காக எழுதி வைப்பதற்கு. எழுதப்போவதை முதலில் வகுத்துக்கொள்கிறேன்:

1. மீனை விடுமுன் பில்டரில் பற்றீரியா குடியேற வேண்டும். மீனின் கழிவிலிருந்து வரும் நஞ்சைத் தின்று தீர்ப்பவை அவைதான்.
2. அவை கண்ணுக்குத் தெரியா. வந்துவிட்டனவா என்பதைச் சோதனைத் துளிகளால் அறியலாம். துளி விட்ட தண்ணீர் பச்சையானால் நஞ்சு உண்டு. மஞ்சளாக நின்றால் இல்லை.
3. ஓடிக்கொண்டிருக்கும் பழைய பில்டரின் பஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால் காலம் குறையும்.
4. கரண்ட் நின்றால் காற்று நிற்கும். காற்று நின்றால் அவை சாகும்.
5. இது வீட்டுக்குள்ளேயே முடிந்துபோகிற வேலை. இதனால் வெளியே எவருக்கும் நன்மையுமில்லை, தீங்குமில்லை.

ஐந்தாவதுக்காகத்தான் சம்மதித்தேன்.

தொட்டி சரீப் தந்தது. அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் ஒரே அறையில் வேலை செய்து, ஒரே வருடத்தில் பென்சன் எடுத்தவர்கள் நாங்கள். அவனுடைய காத்தான்குடி வீட்டில் அலங்கார மீன் வளர்க்கிறார்கள். வளர்ப்பது உண்மையில் மகள் றம்லா. சுனாமியில் புருசனை இழந்தவள். ஒரு பெண்குழந்தையும் தகப்பனும் அவள் கையில். கொழும்புக் கடைகளுக்கு மீன் அனுப்பித்தான் அந்த வீடு நடக்கிறது.

நேற்று அவர்கள் ஊர்ப் பொடியன் அஹமட்டின் ஓட்டோவில் தொட்டியை ஏற்றிக்கொண்டு வந்தான். ஒரு போத்தல் தண்ணீருக்குள் பழைய பஞ்சில் ஒரு துண்டும் இருந்தது.

“என்ன சிங்கம், ரேடியோவக் கேட்டுக் கேட்டுப் பயந்து சாகாம இதப் பாத்திட்டிரி” என்றான். கனகசிங்கம் என்ற பெயரைச் சுருக்கி அவன் இப்படிக் கூப்பிடத் தொடங்கியது கச்சேரியில். மேலதிகாரி கூப்பிட்டால் எனக்கு விரல் நடுங்கும். அதற்காகவே வைத்த பெயர்.

09.02.2007

தொட்டியில் மணல், தண்ணீர், குமிழி. பில்டரில் கடையில் வாங்கிய புது நீலப் பஞ்சு, அதன்மேல் சரீப் தந்த துண்டு. மீன் இல்லை. தினமும் ஒரு சிட்டிகை தீன் போடுகிறேன். அது அழுக வேண்டும். அழுகினால்தான் பற்றீரியாவுக்குச் சாப்பாடு.

என் மனைவி புஸ்பம் அடுத்த வீட்டுக்கும் கேட்கும்படி சொல்கிறாள்: “மீனில்லாத தொட்டிக்குத் தீன் போடுற ஆள இந்த வீட்டிலதான் பாக்கலாம்.”

தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான் என்று விளங்கப்படுத்தினேன். சரீப் தந்த பஞ்சுதான் உறை.

“உறை ஊத்தினா விடிய எழும்பத் தயிர் இரிக்கும். உங்கட தயிர் எப்ப உறையிற?”

மீன் வளர்ப்புப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் புரட்டினேன்.

17.02.2007

தண்ணீர் பாலாகக் கலங்கிவிட்டது. நான்தான் ஏதோ பிழை விட்டிருப்பேன்.

24.02.2007

தானாகவே தெளிந்தது. என் பிழை இல்லை என்று தோன்றுகிறது. உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

03.03.2007, சனி

மஞ்சள். சோதனைக் குழாயை யன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மறுபடியும் செய்தேன். மஞ்சள்தான். புஸ்பத்தையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஓம், மஞ்சள்தான் என்றாள்.

சரீப் ஆறு குட்டி மீன்கள் கொடுத்து அனுப்பினான். செம்மஞ்சள் நிறம். புஸ்பம் இப்போது கதிரையைத் தொட்டிப் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறாள்.

12.03.2007

இரவெல்லாம் வாவிக்கு அப்பால் ஷெல் சத்தம். கதவு நிலை அதிர்கிறது. தொட்டித் தண்ணீரின் மேல் வட்டம் வட்டமாக வருகிறது.

படுவான்கரைச் சனங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இக்கரைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடம் நிரம்பிவிட்டது. காலையில் பெண்கள் சிலர் குடங்களோடு எங்கள் படலையில் நின்றார்கள். திறப்பதா என்று நான் யோசித்துக்கொண்டு நின்றேன். திறந்தால் யார் யார் வருவார்கள், பிறகு ஆமி வந்து விசாரித்தால் என்ன சொல்வது. புஸ்பம் வந்து என்னை விலக்கிவிட்டுத் திறந்தாள்.

மண்டூர்ப் பக்கத்துக் கிழவர் ஒருவர் தண்ணீர் அள்ளிக்கொண்டு போகும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் திறக்கவில்லை என்று அவருக்குத் தெரியாது.

19.03.2007

பள்ளிக்கூடத்தில் வயிற்றோட்டம். சுகாதாரத் தொண்டர்கள் வந்து சுற்றியுள்ள கிணறுகளுக்கெல்லாம் குளோரீன் போட்டார்கள். ஒன்றுவிட்டு ஒருநாள் வருவார்களாம். நல்ல காரியம். தேநீர்தான் வாயில் வைக்க முடியவில்லை.

22.03.2007, வியாழன்

சரீப் வந்தான். வழக்கமான பகிடி இல்லை.

போன கிழமை அவர்கள் பக்கம் இரண்டு நாள் கரண்ட் இல்லை. காற்று நின்று பில்டர்கள் செத்து, மீன்களுக்கு நோய் பிடித்துவிட்டது. றம்லா எல்லாத் தொட்டிகளையும் கழுவி வெயிலில் காயவைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறாள். சனிக்கிழமை கொழும்பிலிருந்து ஏஞ்சல் மீன் சோடிகள் வருகின்றன. முட்டையிடும் பருவத்து மீன்கள். இரண்டு மாதத்துக்கு முன் ஒழுங்கு செய்தது. தள்ளிப்போட முடியாது. குடியேறிய பில்டர் ஒன்றாவது வேண்டும்.

“நான் தந்த உறையில பாதியத் திருப்பித் தா” என்றான்.

பிறகு படலையடியில் நின்று சொன்னான்: “இந்த முறையும் சரிவராட்டி அவள் குவைத்துக்குப் போகட்டும். பாஸ்போட் எடுத்தாச்சு. புள்ளய நான் பாப்பன்.”

குழந்தைக்கு ஐந்து வயது.

23.03.2007, வெள்ளி

காலையில் பஞ்சை எடுத்து நீளவாட்டில் பாதியாக வெட்டினேன். கபில நிறச் சளி. கையில் ஒட்டிக்கொண்டு வழிந்தது. மணம் வேறு.

“இந்தச் சளியையா சரீப்பண்ணன் வீட்டுக்குக் குடுத்து விடப்போறீங்க?” என்றாள் புஸ்பம்.

எனக்கும் அதுதான். இரவல் வாங்கிய தயிர் முட்டியைக்கூடச் சாம்பல் போட்டுத் தேய்த்துத்தான் திருப்பிக் கொடுத்திருக்கிறோம். அவர்கள் வீடு, கால் கழுவாமல் யாரும் உள்ளே ஏறாத வீடு. இதை அங்கே கொண்டுபோய் வைத்தால் என்ன நினைப்பார்கள்? லேசாக அலசினால் பிழையில்லை, பற்றீரியா பஞ்சின் துளைகளுக்குள்ளே ஒட்டியிருக்கும் என்று புத்தகத்திலும் இருக்கிறது.

கிணற்றடியில் அலசினேன். பிழிந்தேன். இன்னும் கபிலமாக வந்தது. மறுபடியும். மணம் போவதற்காகப் பின்னேரம் வரை வாளித் தண்ணீரில் ஊறவிட்டேன். வாங்கிய நாளில் இருந்த நீல நிறம் வந்துவிட்டது.

அஹமட் வந்து எடுத்துப் போனான். “புதுசு மாதிரி இரிக்கே ஐயா” என்றான். சந்தோசமாக இருந்தது.

இன்றும் தேநீரில் மருந்து மணம்.

30.03.2007

அஹமட்டைச் சந்தியில் கண்டேன். றம்லா வீட்டில் விடிய விடிய மீன் செத்து மிதக்கிறதாம். அவள் தொட்டிக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுக்கிறாளாம்.

31.03.2007, சனி

முகம் கழுவ வாளியை இழுத்தேன். மூக்கில் ஏறியது.

அப்படியே நின்றேன். கயிறு கையில்.

குளோரீன் பற்றீரியாவைக் கொல்லும். கிணற்றுக்குப் போடுவதே அதற்காகத்தான். அதே தண்ணீரில் பின்னேரம் வரை ஊறவிட்டிருக்கிறேன். செத்த பஞ்சு. வெறும் நீலப் பஞ்சை உறை என்று கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அவள் அதை நம்பி மீனை விட்டிருக்கிறாள்.

புத்தகத்தில் எச்சரிக்கை இருந்தது. அது நகரத்துக் குழாய்த் தண்ணீர்க்காரருக்கு என்று அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போனேன். எங்களுடையது கிணறுதானே.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லலாமா? மூக்குக்குத் தெரிந்திருந்தது. நாக்குக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு தேநீருக்கும் முகம் சுளித்தவன் நான்.

என் தொட்டியில் கழுவாத பாதி ஓடுகிறது. ஆறும் நன்றாக நீந்துகின்றன.

02.04.2007, திங்கள்

சொல்லிவிடுவதென்று போனேன். வழியெல்லாம் வசனத்தை மனதில் எழுதி எழுதித் திருத்தினேன்.

சரீப் முன்னறையில் இருந்தான். தேநீரும் வட்டிலப்பமும் வந்தன. ஏஞ்சல் சோடிகளில் பாதிக்கு மேல் போய்விட்டன என்றான். உள்ளே திரும்பிக் குரலை உயர்த்தினான். தீனை அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறாள், புத்தியில்லாதவள், மீனுக்கும் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியாதவள். றம்லா கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றாள். முந்தானை நுனி தெரிந்தது.

“அளவாத்தான் போட்டன் வாப்பா.”

“நீ சும்மா இரி.” என் பக்கம் திரும்பினான். “சிங்கம், நீ படிச்சவன், சொல்லு. தீன் கூடினாத் தண்ணி கெடுமா, கெடாதா?”

இப்போது. இதுதான் நேரம். வாயைத் திறந்தேன்.

“கெடும்” என்றேன்.

“கேட்டியா?” என்றான் உள்ளே பார்த்து.

முந்தானை நுனி போய்விட்டது. நான் வட்டிலப்பத்தைச் சாப்பிட்டு முடித்தேன். முடித்தேன்.

03.04.2007

தீன் கூடினால் தண்ணீர் கெடும். அதில் பொய் எதுவுமில்லை. பொய் சொல்லியிருந்தால் இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது.

06.04.2007

புஸ்பத்திடம் சொன்னேன். சொல்லும்போது “நீதானே சளி எண்டு சொன்னாய்” என்று ஆரம்பித்தேன். ஐம்பது வயதில் செய்திருந்தால்கூட வெட்கப்பட வேண்டிய காரியம். எனக்கு எழுபத்திரண்டு.

அவள் கோபப்படவில்லை. “நான் சளி எண்டன். ஊறப்போடச் சொன்னனா?” என்றாள். பிறகு, “இப்ப போய்ச் சொல்லாதீங்க. நாடு கெட்டுக் கிடக்கு. தமிழன் வேணுமெண்டு நஞ்சு வெச்ச பஞ்சக் குடுத்த எண்டு ஆரும் கதை கட்டினா? அவங்கட ஆக்களும் நம்மட ஆக்களும் எதுக்கு எதுக்கெல்லாம் வெட்டுப்படுறாங்க.”

நியாயமான பயம். உண்மையிலேயே நியாயமானது. அதனால்தான் அதைப் பிடித்துக்கொண்டேன். என் கோழைத்தனத்துக்கு ஊர் நிலைமையைப் போர்வையாக எடுத்துப் போர்த்திக்கொண்டேன். சரீப் என்னை அப்படி நினைக்கக்கூடியவனா? தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்தில் தமிழர், முஸ்லிம் என்று இரண்டு பக்கமும் பிணம் கண்ட மாதங்களில்கூடப் பேச்சை நிறுத்தாதவன்.

10.04.2007

சந்திக் கடையிலிருந்து சரீப் வீட்டுக்கு டெலிபோன் கோல் எடுத்தேன். றம்லா எடுத்தாள். “ஆரு?” என்றாள். மறுபடியும், “ஆரு கதைக்கிற?” வைத்துவிட்டேன்.

கடைக்காரன் லைன் வெட்டுப்பட்டுட்டா ஐயா என்றான். ஓம் என்றேன். இப்போது ஓம் சொல்வது சுலபமாகிவிட்டது.

14.04.2007, புத்தாண்டு

மருத்துநீர் வைத்துத் தலை முழுகினேன். கோயிலுக்குப் போகவில்லை.

16.04.2007

அஹமட் சொன்னான்: றம்லாவுக்கு மெடிக்கல் பாஸாகிவிட்டது. சனிக்கிழமை கொழும்புக்குப் போய் ஏஜென்சியில் கையெழுத்து வைப்பாளாம். குழந்தை ஒருவரோடும் கதைக்காமல் இருக்கிறதாம். மிஞ்சின மீன்களை யாருக்காவது கொடுக்கப் பார்க்கிறார்கள். ஐயாவுக்கு வேணுமா என்று கேட்டான்.

எனக்கு வேணுமா என்று.

18.04.2007, புதன்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எனக்குச் சாதகமாகத் திருத்தக் கூடாது.

காலையில் பம்பை நிறுத்தி, மிச்சப் பஞ்சு முழுவதையும் எடுத்தேன். பாதி வைக்கலாமா என்று கை நின்றது. வைக்கவில்லை. தொட்டித் தண்ணீரோடு மூடி போட்ட வாளியில் விட்டேன். புஸ்பம் பார்த்துக்கொண்டிருந்தாள். வாளிக்குப் பிடி வழுக்காமல் ஒரு துணியைச் சுற்றித் தந்தாள்.

செக் பொயின்றில் மூடியைத் திறக்கச் சொன்னார்கள். இளம் பொடியன். குனிந்து மணந்துவிட்டு முகத்தைத் திருப்பினான். என்ன என்று கேட்டான். பற்றீரியா என்ற சொல்லை அந்த இடத்தில் சொல்லக் கூடாது என்ற அளவு புத்தி இருந்தது. என் கச்சேரிச் சிங்களத்தில், மீனுக்கு என்றேன். மீன் எங்கே என்றான். மீன் அங்கே இருக்கிறது, இது அதற்கு வேண்டிய அழுக்கு என்றேன். மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தான். போகச் சொன்னான். மூடியை அழுத்திப் போட்டுக்கொண்டு போனேன்.

சரீப் “வா சிங்கம்” என்றான். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தேநீர் வரும்.

நின்றபடியே சொன்னேன். கழுவியது, ஊறவிட்டது, குளோரீன். தீன் கூடியதால் இல்லை, றம்லாவில் ஒரு பிழையுமில்லை, நான் செத்த பஞ்சைக் கொடுத்து அனுப்பினேன். மனதில் எழுதி வைத்த வசனம் எதுவும் வரவில்லை. வந்தது வேறு வேறு துண்டுகள்.

சரீப் என் கையிலிருந்த வாளியைப் பார்த்தான்.

“எப்ப தெரியும் உனக்கு?”

“போன மாதக் கடைசி.”

“அப்ப, அண்டைக்கு இதில இரிந்து தேத்தண்ணி குடிக்கக்குள்ள தெரியும்.”

“ஓம்.”

“நான் கேட்டன். நீ கெடும் எண்டாய்.”

“ஓம்.”

“என்ர புள்ளைக்கு முன்னால.”

“ஓம்.”

அவன் எழுந்து உள்ளே போனான். நஞ்சு, தமிழன், வேண்டுமென்று — அப்படி ஒரு சொல்லும் அவன் வாயில் வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

றம்லா வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தது. மூடியைத் திறந்து விரலை விட்டுச் சளியைத் தொட்டுப் பார்த்தாள்.

“இது கழுவினதா அங்கிள்?”

“இல்ல புள்ள.”

“முழுசுமா?”

“முழுசும்.”

“அப்ப உங்கட மீன்?”

பார்ப்போம் என்றேன். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். சற்று நேரத்தில் பம்ப் குமிழி விடும் சத்தம் கேட்டது. யாரும் என்னை இருக்கச் சொல்லவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தேன். இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் தேநீர் குடிக்காமல் திரும்பியது இன்றுதான்.

21.04.2007, சனி

கொழும்பு பஸ் போகும் நேரம் படலையில் நின்றேன். பஸ் வந்தபோது குனிந்து புல் பிடுங்கினேன். யன்னல்களைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

27.04.2007

பச்சை.

29.04.2007

இரண்டு மீன் செத்துவிட்டது. புஸ்பம் முருங்கை மரத்தடியில் புதைத்தாள். இன்னுமொன்று மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. நான் தண்ணீர் மாற்றுகிறேன். நாள்கணக்கில் வெயிலில் வைத்து, மணம் போன தண்ணீர். இப்போது எல்லாம் சரியாகச் செய்கிறேன்.

19.05.2007

மூன்று மீன் மிச்சம். காத்தான்குடியிலிருந்து ஒரு செய்தியுமில்லை. அஹமட்டும் இந்தப் பக்கம் காணவில்லை. கேட்டு அறியலாம். கேட்கவில்லை. போயிருந்தால் தெரியாமலே இருக்கட்டும் என்ற எண்ணம் வந்தது. இந்த எண்ணத்தையும் எழுதி வைக்கிறேன்.

11.06.2007

பள்ளிக்கூடத்துச் சனங்களில் கொஞ்சப் பேரை ஊருக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். மண்டூர்க் கிழவர் சொல்லிவிட்டுப் போக வந்தார். படலை திறந்து தந்த புண்ணியம் என்றார். திறந்தது நானல்ல, என் மனைவி, நான் பயந்து நின்றேன் என்று சொன்னேன். அவர் சிரித்தார். “பயப்பிடாத ஆள் ஆரு தம்பி இப்ப?” என்றார். என்னைவிட இளையவராகத்தான் இருப்பார்.

12.07.2007, வியாழன்

வாசலில் ஓட்டோ. அஹமட். மடியில் வைத்துப் பிடித்தபடி ஒரு சிறிய தயிர் முட்டி. வாயைப் பொலித்தீனால் கட்டியிருந்தது.

அவிழ்த்தேன். தண்ணீர். அதற்குள் உள்ளங்கை அளவு பஞ்சு. கபில நிறம், சளி, அதே மணம்.

“றம்லா ராத்தா தந்து விட்டவ” என்றான். “கழுவல்ல எண்டு சொல்லச் சொன்னவ.”

நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் அவசரப்பட்டான். ஓட்டோவின் பின்பக்கம் காற்று நிரப்பிக் கட்டிய மீன் பைகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் நகத்தளவு ஏஞ்சல் குஞ்சுகள். கொழும்பு பஸ்ஸுக்கு ஏற்ற வேண்டும், ராத்தா ஏசுவா என்றான்.

சரீப் ஏதாவது சொன்னானா என்று கேட்டேன்.

“ஒண்டும் சொல்லல்ல ஐயா. முட்டிய மட்டும் அவர்தான் தேடி எடுத்துத் தந்தவர்.”

பஞ்சைப் பில்டரில் பொருத்திப் பம்பைப் போட்டேன். மூன்று மீன்களும் ஒரு மூலைக்குப் போய், பிறகு வந்து மணந்து பார்த்தன. புஸ்பம் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெறும் முட்டியைக் கையில் எடுத்தாள்.

“இதக் கழுவிக் குடுக்கிறதா, இல்லாட்டி இதுக்கும் ஏதும் சட்டம் இரிக்கா?”

முட்டியைக் கழுவலாம் என்றேன். கொண்டுபோய்க் கொடுப்பது நானாக இருக்க வேண்டும் என்றும் சொன்னேன். எப்போது என்று அவள் கேட்டாள். ஞாயிறு என்றேன். சொல்லிவிட்டேன், இனிப் போகத்தான் வேண்டும்.

கொப்பியின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். முதல் நான்கும் சரி. ஐந்தாவதாக எழுதியது பிழை.